மந்தபுத்தி முதல் மாற்றுத்திறனாளி வரை: எந்தச் சொல்லைச் சொல்வது?

நிலாவெளிப் பக்கம் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது: “சேர், முந்தி மந்தபுத்தி என்றார்கள். பிறகு அது கூடாது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை என்று சொல்லுங்கோ என்றார்கள். அதற்குப் பிறகு விசேட தேவையுடைய பிள்ளை. அப்புறம் மாற்றுத்திறனாளி. போன மாதப் பயிற்சியில் அதுவும் சரியில்லை என்கிறார்கள். இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்குது? நான் எதைத்தான் சொல்ல?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பனோடு கதைக்கும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். கடதாசியில் எழுத வேண்டி வந்தால் ‘அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை’ என்று எழுதுங்கள். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில பெயர்மாற்றங்களால் ஒன்றுமே கிடைக்கவில்லை, சிலதால் நிறையக் கிடைத்தது, ஒன்றிரண்டு கெடுதலும் செய்திருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் விசேட கல்வி வகுப்புகளோடு பல காலம் திரிந்தவன் என்ற முறையில், ஒரு சொல்லை நான் அளப்பது ஒரே கேள்வியால்: அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன குடும்பம் மறுநாள் என்ன செய்தது?

ஆங்கிலத்தில் நடந்ததை முதலில் பார்ப்போம். நமது அலுவலகச் சொற்களில் பாதி அங்கிருந்து மொழிபெயர்த்து எடுத்தவைதான். இன்று வெறும் வசையாகிவிட்ட ‘இடியட்’, ‘இம்பெசைல்’ இரண்டும் சட்டப் புத்தகத்தில் இருந்த சொற்கள். பிரிட்டனில் 1886இல் ‘இடியட்ஸ் சட்டம்’ என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. இப்படியானவர்களுக்குப் பராமரிப்பும் படிப்பும் கொடுக்கும் இடங்களை ஒழுங்குபடுத்த வந்த சட்டம் அது. யாரையும் திட்டும் எண்ணம் அதில் இல்லை. 1913இல் வந்த அடுத்த சட்டம் ஆட்களை இடியட், இம்பெசைல், ஃபீபிள்-மைண்டட் (பலவீன புத்தி) என்று படிப்படியாகப் பிரித்தது. இடையில் 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட், மடமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து ‘மோரன்’ என்று ஒன்றைப் புதிதாகச் செய்தார். பரீட்சையில் ஓரளவு புள்ளி எடுத்தாலும் சராசரிக்கு மிகவும் கீழே நிற்பவர்களுக்கான தொழில்நுட்பச் சொல் அது. கொஞ்சக் காலத்தில் அதுவும் தெருவுக்கு இறங்கிவிட்டது.

தெருவில் திட்டுவதை விட மோசமான காரியம் இந்தச் சொற்களால் நீதிமன்றத்தில் நடந்தது. கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்புச் சொன்னபோது, நீதிபதி ஹோம்ஸ் எழுதிய வரி ‘மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும்’ என்பது. அவளுக்கு அப்படி ஒரு குறைபாடே இருக்கவில்லை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அது மரியாதையான மருத்துவச் சொல். அதைக் கொண்டுதான் அவளுடைய வயிற்றைக் கிழித்தார்கள்.

இந்தத் துறையின் பழைய அமெரிக்கச் சங்கம் ஒன்றின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே முழு வரலாறும் தெரியும். 1876இல் தொடங்கியபோது பெயரிலேயே ‘இடியட்’டும் ‘ஃபீபிள்-மைண்டட்’டும் இருந்தன. 1906இல் இடியட் போனது. 1933இல் ‘மெண்டல் டெஃபிஷியன்சி’, 1987இல் ‘மெண்டல் ரிட்டார்டேஷன்’, 2007இல் ‘இன்டலெக்சுவல் டிசபிலிட்டி’, அதாவது அறிவுசார் குறைபாடு. ரிட்டார்டேஷன் என்றால் தாமதம், மந்தம், அவ்வளவுதான். வந்த காலத்தில் அது ஆறுதலான சொல். பிறகு பள்ளிக்கூட முற்றத்தில் அது கெட்ட கேட்டைப் பார்த்து, 2010இல் அமெரிக்காவில் ‘ரோசா சட்டம்’ என்று ஒன்று போட்டு, மத்திய அரசின் சுகாதார, கல்வி, தொழில் சட்டங்களில் இருந்து அதை எடுத்தார்கள்.

சொல் மாறாமல் பொருள் மட்டும் மாறிய கதையும் உண்டு. இதைப் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. 1959இல் அந்தச் சங்கத்தின் கையேடு, நுண்மதி ஈவு (IQ) ஏறத்தாழ 85க்குக் கீழே இருந்தாலே ‘ரிட்டார்டட்’ வரையறைக்குள் வரலாம் என்று கோட்டைப் போட்டது. 1973இல் அதே கோட்டை 70க்குக் கொண்டுவந்தார்கள். முதல்நாள் குறைபாடுள்ளவராக இருந்த எத்தனையோ பேர் மறுநாள் சாதாரண ஆட்களாகிவிட்டார்கள். அவர்களுடைய மூளையில் ஒரு மாற்றமும் இல்லை. இன்று புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. சாப்பிடுவது, உடுப்பது, காசு பாவிப்பது, ஆட்களோடு பழகுவது போன்ற அன்றாடக் காரியங்களில் எவ்வளவு உதவி வேண்டும் என்பதையும், இது வளரும் பருவத்திலேயே தொடங்கியதா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். ‘இன்டலெக்சுவல் டிசபிலிட்டி’ என்ற பெயரோடு இந்தப் பார்வையும் ஊன்றிக்கொண்டது. ஆகவே அது பூச்சு மாற்றம் மட்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு உருப்படியான மாற்றம் டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர். பிறவியிலேயே வந்து அறிவு வளர்ச்சியை மெதுவாக்கும் ஒரு நிலை அது. 1866இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மொங்கோலிய இனத்தோடு சேர்த்துப் பெயர் வைத்தார். 1959இல் லெஜூன் குழுவினர் 21ஆவது நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஒன்று கூடுதலாக இருப்பதுதான் காரணம் என்று காட்டியபிறகு, அந்தப் பெயருக்கு ஒரு நியாயமும் மிஞ்சவில்லை. 1961இல் விஞ்ஞானிகள் சிலர் லான்செட் சஞ்சிகையில் பெயரை மாற்றச் சொல்லி எழுதினார்கள். 1965இல் மொங்கோலியா நாடே கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. ஒரு முழு நாட்டு மக்களின் பெயரை நோய்க்கு வைத்துவிட்டு நூறு வருஷம் யாருக்கும் உறுத்தவில்லை என்பதை என்ன சொல்வது!

நல்லெண்ணம் காப்பாற்றும் என்றும் இல்லை. 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பிரிட்டனில் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, பெருமூளை வாதம் உள்ள ஜோயி டீக்கன் என்ற பெரியவரைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டியது. அடுத்து நடந்தது என்ன தெரியுமா? பள்ளிக்கூடங்களில் ‘ஜோயி’ என்பது புது வசைச்சொல்லாகிவிட்டது. மனுஷனின் சொந்தப் பெயர்.

ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் இதை ட்ரெட்மில் என்றார். சொல் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் கறை சொல்லில் இல்லை, சொல் சுட்டும் ஆட்களைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறது. இதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியைத்தான் இங்கே நம் ஊரில் நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் நமக்குள்ள பெரிய சிக்கல் வசை அல்ல, குழப்பம். இரண்டு வேறு வேறு காரியங்களை ஒரே பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று மனநோய்: நன்றாக இருந்த ஒருவருக்கு இடையில் வரும், மருந்து உண்டு, பலருக்குக் குணமாகும். மற்றது அறிவு வளர்ச்சியில் உள்ள குறைபாடு: பெரும்பாலும் பிறவியில் அல்லது குழந்தைப் பருவத்திலேயே வந்தது, நோயல்ல, குளிசையால் மாறாது, ஆனால் படிப்பித்தால் பிள்ளை முன்னேறும். இந்தக் குழப்பம் பழையதுதான். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டில், கூன், குறள், ஊம், செவிடு என்று எட்டு வகை ‘எச்சம்’ (குறையான பிறப்பு) அடுக்கி வரும். கடைசியாக நிற்பது ‘மருள்’. அறிவு மயங்கிய எல்லாரும் அதற்குள் அடக்கம். (பித்தன் என்ற சொல் மட்டும் தப்பிவிட்டது. சுந்தரர் சிவனையே ‘பித்தா’ என்று கூப்பிட்டதால் கோணேசர் கோயிலில் நின்றும் கூச்சமில்லாமல் அதைச் சொல்லலாம்.)

பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சட்டமும் அதே பெட்டியைத்தான் பாவித்தது. மனநோய் பற்றிய 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை எல்லாவற்றிலும் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்ற ஒரே வாசல்தான். நமது ஊர்ப்பேச்சும் அப்படியே. விசர், லூசு, மெண்டல், சிங்களத்தில் இருந்து வந்த பிஸ்ஸு, இவை நோயைச் சொல்பவை. மொக்கு, மக்கு, மடையன், மோடயா, இவை அறிவைச் சொல்பவை. ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லும்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையையும் “அங்கொடைக்கு அனுப்பு” என்கிறோம். அங்கொடை மனநோய்க்கான ஆஸ்பத்திரி. அதன் பெயர் தேசிய மனநல நிறுவனம் என்று மாறியும் பலகாலம் ஆகிறது.

இந்தக் குழப்பத்தை வசைச்சொல்லை விட நல்ல சொற்கள்தான் ஆழமாக ஊன்றியிருக்கின்றன என்பது என் கட்சி. ‘மனவளர்ச்சி குன்றிய’ என்பது மரியாதையாகத்தான் வந்தது. ஆனால் அதில் நிற்பது மனம். மனம் என்றவுடன் மன ஆறுதல், மன வைத்தியர், மனதில் ஏதோ பயம் என்று போகிறது. அதைவிட மென்மையான சொல் ‘சுகமில்லாத பிள்ளை’. எங்கள் பக்கத்துத் தாய்மார் பாவிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன். கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் நூல், ஒன்றன் மேல் ஒன்றாக, அடியில் இருந்தவை கறுத்துப்போயிருந்தன. ஒரு சொப்பிங் பையில் கொப்பியும் மருந்துத் துண்டுகளும். தாய் சொன்னது: “சுகமாகட்டும் சேர், சுகமான உடனே பள்ளிக்கூடத்தில சேர்த்துவிடுறன்.” நாங்கள் இதைக் கதைத்துக்கொண்டிருக்க, வாசலில் கிடந்த செருப்புகளை அவன் சோடி சோடியாகச் சேர்த்து, பெரிசு சின்னன் பார்த்துச் சுவரோரம் அடுக்கி முடித்துவிட்டான். சோடி பார்ப்பது, அளவு வரிசை பார்ப்பது, இரண்டும் முன்பள்ளிப் பாடம். அந்தப் பையன் இத்தனை வருஷமும் பாடத்துக்குத் தயாராகவே இருந்திருக்கிறான். அவனை வீட்டில் இருத்தி வைத்தது யாருடைய வெறுப்பும் அல்ல. ‘சுகம்’ என்ற சொல் இருத்தி வைத்தது. அது வராது என்று யாரும் அந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. அன்று அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, இது வருத்தம் இல்லை. இவன் படிக்க மெதுவாகத்தான் படிப்பான், ஆனால் படிப்பான்.” தாய் கொஞ்சம் அழுதார். பிறகு எந்தப் பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இதனால்தான் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை சாசனத்தை நான் மதிக்கிறேன். 2006இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தச் சாசனத்தின் முதல் உறுப்புரையே உடல், மனம், அறிவு, புலன் என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்கிறது. மனம் வேறு, அறிவு வேறு. இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் அதை உறுதிப்படுத்தியது. இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்க வந்த நமது 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்திலோ உடல், உளம் என்று இரண்டே சொற்கள்தான். அதோடு, வாழ்க்கைக்குத் தேவையானதைத் தானே தேடிக்கொள்ள முடியாதவர் என்ற அளவுகோலையும் வைத்தது. இந்தியா 2016இல் கொண்டுவந்த புதுச் சட்டத்தில் ‘மெண்டல் ரிட்டார்டேஷன்’ போய் ‘இன்டலெக்சுவல் டிசபிலிட்டி’ வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாட்டில் எழுதுவதுதான் அறிவுசார் குறைபாடு. இங்கே சிலர் நுண்மதிக் குறைபாடு என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரியே. ‘அறிவு குறை என்று முகத்துக்கு நேரே சொல்வதா, இது மனவளர்ச்சியை விடக் கரடாக இருக்கிறதே’ என்று ஆசிரியர்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கரடுதான். ஆனால் அதைக் கேட்ட தாய் குளிசை தேடிப் போகமாட்டார்.

மாற்றுத்திறனாளி விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ‘ஊனமுற்றோர்’ என்பதற்குப் பதிலாகக் கொண்டுவந்த சொல் இது, பிறகு இங்கேயும் பரவியது. கால் இழந்தவர்கள், கண் தெரியாதவர்கள் பலர் இதை விரும்பிச் சொல்கிறார்கள். அவர்கள் விருப்பம், அதில் நாம் தலையிடத் தேவையில்லை. ஆனால் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் வீட்டில் இது ஒரு தொல்லையைக் கொடுக்கிறது. “இவனுக்கு என்ன திறமை? படம் கீறுவானா, பாடுவானா?” என்று வந்தவர் போனவர் எல்லாரும் கேட்கிறார்கள். ஒன்றும் விசேடமாகச் செய்யாத பிள்ளைக்கு மரியாதை கிடையாதா? அதைவிட, இந்தச் சொல்லில் யாருக்கு என்ன தேவை என்பது தெரியாது. சக்கர நாற்காலியா, பிரெய்லியா, பேச்சுப் பயிற்சியா? ‘விசேட தேவை’யும் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்களில் முதியவர்களும் கர்ப்பிணிகளும்கூட அந்தத் தலைப்பின் கீழ் வந்தார்கள்.

‘கற்றல் குறைபாடு’ பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘லேர்னிங் டிசபிலிட்டி’ என்றால் நாம் பேசும் இதே அறிவுசார் குறைபாடு. அமெரிக்கப் புத்தகத்தில் அது வாசிப்பிலோ கணக்கிலோ மட்டும் இடறும் பிள்ளை, டிஸ்லெக்சியா மாதிரி. நம்மிடம் இரண்டு புத்தகமும் வருகின்றன, மொழிபெயர்ப்பு ஒன்றாகிவிடுகிறது. எந்த அர்த்தத்தில் என்று கேட்காமல் அந்தச் சொல்லுள்ள அறிக்கையை ஏற்காதீர்கள்.

இன்னொன்று. பெயர்ச்சொல்லைப் பற்றியே சண்டை பிடித்து, மற்றச் சொற்களை விட்டுவிடுகிறோம். 1974இல் அமெரிக்காவின் ஒரிகனில் இப்படியான ஆட்களே கூடி, ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்ற கருத்தில் தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஆளை முன்னுக்கு வைப்பதா, குறைபாட்டை முன்னுக்கு வைப்பதா என்று பெரிய விவாதம் அதிலிருந்து வளர்ந்தது. தமிழில் அடைமொழி எப்படியும் முன்னுக்குத்தான் வரும், ஆகவே அந்த விவாதம் நமக்கு ஒட்டாது. நம்மிடம் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘அவனுக்கு இப்படி ஒரு குறைபாடு இருக்கு’ என்பதற்கும் ‘அவன் மொக்கன்’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதலாவதில் குறைபாடு அவனிடம் உள்ள ஒன்று. இரண்டாவதில் அவனே அதுதான்.

அதைவிடக் கூர்மையானது அவன், அவர், அது. சல்லிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடத்தில் ஒருவர் வேலை செய்வார், ஐம்பதைத் தாண்டியிருக்கும். காசு எண்ணத் தெரியாது, நாள் கிழமை தெரியாது. ஆனால் கரைக்கு வரும் ஈரக் கயிறைச் சிக்கில்லாமல் வளையம் வளையமாகச் சுற்றி வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல அவருக்கும் பங்கு வைப்பார். அவரை யாரும் திட்டுவதில்லை, எல்லாருக்கும் அவரில் பாசம்தான். ஆனாலும் மகன் வயதுப் பொடியன்கள்கூட ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் பற்றிக் கதைக்கும்போது ‘அது பாவம், அதுக்கு ஒன்றும் விளங்காது’ என்பார்கள். தம்பியின் பிள்ளைகள் மட்டும் “பெரியப்பா, சாப்பிட வாங்கோ” என்பார்கள். வாங்கோ என்றால் அவர் கையைக் கழுவிக்கொண்டு வருவார். டேய் என்றால் திரும்பியும் பார்க்கமாட்டார். விளங்காதாம்!

உங்களுடைய முன்பள்ளிப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். விசேட கல்வி அலகை எல்லாரும் ‘யூனிட்’ என்போம். இன்று மற்ற வகுப்புப் பெடியன்கள் ஒருவனை ஒருவன் “நீ யூனிட்டாடா?” என்று கேட்கிறார்கள். அலகின் பெயரை மாற்றச் சொல்லி அதிபர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். மாற்றுங்கள், இரண்டு தவணை தாங்கும் என்றேன். அதற்குப் பதிலாக அலகுப் பிள்ளைகளைக் காலைக் கூட்டத்திலும் விளையாட்டுப் போட்டி இல்லங்களிலும் மற்றவர்களோடு சேர்த்தார்கள். வசை முழுதாகப் போகவில்லை, ஆனால் பெயர் தெரிந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கூடியது.

சரி, கடதாசி வேலை. பிரதேச செயலகத்திலோ வலயக் கல்வி அலுவலகத்திலோ இன்னும் ‘மந்தபுத்தி’ என்று அச்சிட்ட பழைய படிவம் தந்தால், அதை வெட்டிக் கிறுக்கித் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொடுப்பனவு தாமதமாகினால் நட்டம் பிள்ளையின் வீட்டுக்குத்தான். அவர்கள் கேட்ட கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டு, பக்கத்தில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதுங்கள். வைத்தியரின் அறிக்கையில் டவுன் சிண்ட்ரோம் போலக் காரணம் தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள், காரணத்தைப் பொறுத்து இதயம், தைரொயிட் என்று பார்க்க வேண்டிய பரிசோதனைகள் உண்டு. ‘வேறு விபரம்’ என்று கீழே இரண்டு கோடு விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதை எல்லாரும் வெறுமையாக விடுவார்கள். அங்கே ‘தானாகச் சாப்பிடுவார், உடுப்பு மாற்ற உதவி வேண்டும், இரண்டு சொல் வசனம் பேசுவார், தெரு கடக்கத் தெரியாது’ என்ற மாதிரி எழுதுங்கள். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையைக் கையேற்கும் டீச்சர் முதலில் தேடி வாசிக்கப்போவது அந்த இரண்டு கோட்டைத்தான்.